கமராவுக்குள் ஒரு சிறு வானொலி: வை-பை நினைவக அட்டைகள்

ஒரு வேலைத்திட்டம் முடிந்ததும் "படங்கள் எங்கே?" என்று கேட்கப்படுவது இன்று வழமையாகிவிட்டது. கைத்தொலைபேசியில் எடுத்த படமென்றால் நின்ற இடத்தில் இருந்தே அனுப்பிவிடலாம். ஆனால் நல்ல வில்லை பொருத்திய, தூரத்தில் உள்ளதையும் கிட்டவாக்கி எடுக்கக்கூடிய பழைய டிஜிற்றல் கமராக்கள் பல சங்கங்களின் அலுமாரிகளில் உறங்குகின்றன. அவை பழுதானவை அல்ல. எடுத்த படத்தைத் தொலைபேசிக்குக் கொண்டுவருவது தொல்லை என்பதற்காகவே ஒதுக்கப்பட்டவை. இணைப்புக் கம்பி தொலைந்துபோயிருக்கும். அல்லது கமராவின் மென்பொருள் இன்றைய கணனியில் இயங்க மறுக்கும்.

இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்கென்றே ஒரு காலத்தில் ஒரு பொருள் வந்தது. மெமரி காட் என்று நாம் சொல்லும் நினைவக அட்டைக்குள்ளேயே ஒரு சிறு வானொலியைப் புதைத்து, படங்களைக் கம்பியின்றி அனுப்பும்படி செய்தார்கள். இவை இன்று பெரும்பாலும் உற்பத்தியில் இல்லை. எனினும் பாவித்த பொருட்கள் விற்கப்படும் இடங்களில் இன்னும் அகப்படுகின்றன. வெளிநாட்டில் உள்ள உறவினர் பழைய கமராவை அனுப்பும்போது அதற்குள் ஒன்று இருந்துவிடுவதும் உண்டு. அவற்றில் எது உதவும், எது உதவாது, எப்படிப் பாவிப்பது என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

அட்டைக்குள் என்ன இருக்கிறது?

எஸ்.டி. எனப்படும் அட்டை 1999ஆம் ஆண்டில் சான்டிஸ்க், மட்சுஷிற்றா, தொஷிபா ஆகிய மூன்று கம்பனிகள் சேர்ந்து அறிமுகம் செய்தது. நீளம் 32 மில்லிமீற்றர், அகலம் 24 மில்லிமீற்றர், தடிப்பு 2.1 மில்லிமீற்றர். ஒரு தபால் முத்திரையளவு என்று சொல்லலாம். மின்சாரம் நின்ற பின்னரும் எழுதியதை வைத்திருக்கும் 'பிளாஷ்' நினைவகம் அதற்குள் இருக்கிறது. இந்த நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் தொஷிபாவில் பணியாற்றிய புஜியோ மசுவொக்கா என்ற யப்பானியப் பொறியியலாளர்.

பலர் நினைப்பது போல இந்த அட்டை வெறும் கொள்கலன் அல்ல. சாதாரண அட்டையிலும் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. எந்தத் தகவலை எந்த அறையில் வைப்பது, பழுதான அறையை எப்படி ஒதுக்குவது என்பவற்றை அதுவே பார்த்துக்கொள்கிறது. வை-பை அட்டையில் இதனுடன் ஒரு வானொலியும், அதற்கான மிகச் சிறிய அலைவாங்கியும், அவற்றை இயக்கும் சிறு கணனியும் சேர்க்கப்பட்டன. ட்ரான்சென்ட் கம்பனி வெளியிட்ட வை-பை அட்டைக்குள் லினக்ஸ் என்ற இயங்குதளமே ஓடியது. பெரிய கணனிகளை இயக்கும் அதே லினக்ஸ்தான். விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பொருளுக்குள் இவ்வளவையும் அடக்கியது உண்மையில் வியப்புக்குரியது.

ஆனால் இதற்கெல்லாம் தேவையான மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அட்டைக்குள் பற்றறி இல்லை. கமராவின் பற்றறியில் இருந்தே அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே கமரா விழித்திருக்கும் வரைதான் அட்டையும் விழித்திருக்கும். இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால், பின்னர் வரப்போகும் பல தொல்லைகளின் காரணம் தானாக விளங்கும்.

ஐ-பை அட்டைக்கு நேர்ந்தது

இத்துறையில் முதலில் பெயர் பெற்றது கலிபோர்ணியாவைச் சேர்ந்த ஐ-பை என்ற கம்பனி. ஆங்கிலத்தில் கண்ணைக் குறிக்கும் சொல்லையும் வை-பை என்பதன் ஓசையையும் சேர்த்து வைத்த பெயர் அது. 2005இல் தொடங்கிய இக்கம்பனி 2007 ஒக்ரோபரில் 2 கிகாபைற் கொள்ளளவுள்ள தனது முதல் அட்டையை ஏறத்தாழ 100 டொலர் விலையில் வெளியிட்டது. கமராவுக்குள்ளேயே வை-பை பொருத்துவது அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. நிக்கொன் கம்பனி 2005இலேயே அப்படியான கமராக்களை விற்றது. ஆனால் ஐ-பை சொன்ன செய்தி வேறு: "புதிய கமரா வாங்காதீர்கள், இருக்கும் கமராவில் அட்டையை மட்டும் மாற்றுங்கள்." அது மக்களுக்குப் பிடித்துக்கொண்டது.

அட்டையை முதலில் கணனியில் செருகி, வீட்டு வை-பையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பின்னர் கமராவுடன் வீட்டுக்குள் வந்து, அதை இயக்கி வைத்தாலே போதும். அட்டை தானாகவே வீட்டு வை-பையைப் பிடித்து, படங்களைக் கணனிக்கும் இணையத்தில் உள்ள படத் தளங்களுக்கும் அனுப்பிவிடும். 2010இல் வந்த எக்ஸ்2 என்ற வகைக்கு அடுத்த ஆண்டில் வேறொரு வசதியும் கிடைத்தது. வீட்டு வை-பை இல்லாத இடத்தில், அட்டையே ஒரு சிறு வலையமைப்பை உண்டாக்கி நேரடியாகத் தொலைபேசிக்குப் படங்களைக் கொடுத்தது.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அட்டையின் அமைப்புகள் கம்பனியின் இணையக் கணக்கிலேயே தங்கியிருந்தன. வை-பை கடவுச்சொல்லை மாற்றினாலும், புதிய கணனி வாங்கினாலும், அந்தக் கணக்குக்குள் நுழைந்துதான் அட்டைக்குச் சொல்ல வேண்டும். 2016 ஜூன் மாதத்தில் கம்பனி ஓர் அறிவித்தல் விடுத்தது. எக்ஸ்2 வகைக்கும் அதற்கு முந்திய வகைகளுக்கும் 2016 செப்டெம்பர் 16ஆம் திகதியுடன் சேவை நிறுத்தப்படும் என்பதே அது. அட்டை பழுதாகவில்லை. வானொலி பழுதாகவில்லை. பணம் கொடுத்து வாங்கிய பொருள் கையில் அப்படியே இருக்க, அதனுடன் கதைப்பதற்கான வழி மட்டும் அடைபட்டது. பாவனையாளரின் கண்டனத்தின் பின்னர், எந்த உத்தரவாதமும் இன்றி ஒரு சிறு மென்பொருளைக் கம்பனி கொடுத்தது. அதே ஆண்டிலேயே கம்பனியின் சொத்துகளில் ஒரு பகுதி ரிக்கோ குழுமத்தின் கைக்குப் போனது.

இதை நாம் சற்று நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஐ-பை அட்டையை இன்று ஒருவர் வாங்கினால், அது சாதாரண நினைவக அட்டையாக வேலை செய்யும். கம்பியின்றி அனுப்பும் என்று நம்பி வாங்கக்கூடாது. அட்டையை மட்டும் அல்ல, வேறெந்தக் கருவியை வாங்கும்போதும் "இதை இயக்குவதற்குத் தொலைவில் உள்ள ஒருவரின் கணனி தேவையா?" என்று கடைக்காரரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அவருக்கும் விடை தெரியாது. அது வேறு விடயம்.

மற்ற வழி

யப்பானின் தொஷிபா கம்பனி 2012இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளாஷ்எயர் அட்டை வேறு வழியில் சென்றது. அதே ஆண்டு ஜனவரியில் எஸ்.டி. அட்டைகளுக்கான சர்வதேச அமைப்பும் கம்பியில்லா அட்டைகளுக்கென ஒரு பொதுத் தரத்தை அறிவித்திருந்தது. பிளாஷ்எயர் எவருடைய இணையக் கணக்கையும் கேட்பதில்லை. கமராவை இயக்கியதும் அட்டை தன் பெயரில் ஒரு வை-பை வலையமைப்பைத் திறக்கும். தொலைபேசியை அதனுடன் இணைத்து, இணையப் பக்கங்களைப் பார்க்கும் செயலியில் 192.168.0.1 என்ற முகவரியை அடித்தால், அட்டையில் உள்ள படங்கள் சிறு சிறு கட்டங்களாகத் தோன்றும். இணையமே தேவையில்லை, கோபுரமே எட்டாத காட்டோரக் கிராமத்திலும் வேலை செய்யும்.

அந்தச் சிறு கட்டங்கள் உடனே தோன்றுவதற்கும் ஒரு காரணம் உண்டு. கமரா எடுக்கும் ஒவ்வொரு ஜேபெக் படத்துக்குள்ளும் அதே படத்தின் மிகச் சிறிய பிரதி ஒன்று ஒளிந்திருக்கிறது. அட்டை அந்தச் சிறு பிரதியை மட்டும் முதலில் எடுத்துக் காட்டுகிறது. நாம் தெரிவு செய்த பிறகே முழுப் படமும் காற்றில் ஏறுகிறது.

தொஷிபாவின் நினைவகப் பிரிவு 2019 ஒக்ரோபரில் கியொக்சியா எனப் பெயர் மாறியது. பிளாஷ்எயரும் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. எனினும் ஏற்கெனவே வாங்கியவர்களின் அட்டை தன் பாட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டு வழிகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடு இதுதான்.

கமராவுக்குத் தெரியாத இரகசியம்

இங்கே ஒரு சுவையான சிக்கலைச் சொல்லாமல் விட முடியாது. பழைய கமராவுக்குத் தன் அட்டைக்குள் வானொலி இருப்பதே தெரியாது. அது வை-பைக்கு முந்திய காலத்துக் கமரா. அப்படியானால், "இந்தப் படத்தை அனுப்பு, அதை அனுப்பாதே" என்று அட்டைக்குச் சொல்வது எப்படி? கமராவில் அதற்கான பொத்தானும் இல்லை, பட்டியலும் இல்லை.

பொறியியலாளர் ஒரு தந்திரம் செய்தார்கள். தவறுதலாக அழிந்துவிடாமல் ஒரு படத்துக்குப் பூட்டுப் போடும் வசதி ஏறக்குறைய எல்லாக் கமராவிலும் உண்டு. திரையில் ஒரு சாவிப் படமாகத் தெரியும். பூட்டுப் போட்டதும் அந்தக் கோப்பில் 'எழுதக்கூடாது' என்ற ஒரு சிறு குறி விழும். அட்டை அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஐ-பை அட்டையில், பூட்டிய படங்களை மட்டும் அனுப்பும்படி அமைக்கலாம். பிளாஷ்எயரில் ஏற்கெனவே ஒரு விசேட படம் வைக்கப்பட்டிருக்கும். அந்தப் படத்துக்குப் பூட்டுப் போடுவதன் மூலம் வானொலியை இயக்கலாம், அணைக்கலாம். அந்த விசேட படத்தைத் தேவையற்றது என்று நினைத்து அழித்துவிடுபவர்கள் பலர். கமராவில் வைத்து அட்டையைத் துடைத்து அமைக்கும்போதும் அது போய்விடும். அட்டைக்குரிய மென்பொருளைக் கொண்டு கணனியில் அமைத்தால் அந்தப் படம் மீண்டும் வரும்.

ஒரு புத்தகம், இரண்டு பொருளாளர்

வை-பை அட்டை பாவித்துப் படங்களை இழந்தவர்களில் பலருக்கு அது ஏன் நடந்தது என்பது விளங்குவதில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அட்டையில் படங்களுடன் ஓர் இடாப்பும் இருக்கிறது. எந்தப் படம் எந்த அறைகளில் இருக்கிறது, எந்த அறை வெறுமையாக உள்ளது என்ற விபரம் அதிலேயே பதியப்படுகிறது. கமராவை இயக்கியதும் அது இந்த இடாப்பை வாசித்துத் தன் ஞாபகத்தில் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும். புதிய படம் எடுக்கும்போது தன் பிரதியைப் பார்த்தே வெறும் அறையைத் தெரிவு செய்யும். அட்டைக்குத் தான் ஒருவரே எசமான் என்ற நம்பிக்கையில்தான் கமரா இயங்குகிறது.

இப்போது, கமரா இயங்கிக்கொண்டிருக்கும்போதே, தொலைபேசியில் இருந்து வை-பை வழியாக ஒருவர் சில படங்களை அழிக்கிறார் அல்லது வேறொரு கோப்பை அட்டையில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடாப்பு மாறிவிட்டது. கமராவுக்கோ இது தெரியாது. அடுத்த படம் எடுத்ததும் அது தன் பழைய பிரதியின்படி எழுதிவிடும். ஒரு சங்கத்தில் இரண்டு பொருளாளர்கள், ஆளுக்கொரு காசுப் புத்தகம் வைத்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் வரவு செலவு எழுதினால் ஆண்டிறுதியில் என்ன நடக்குமோ அதுவே இங்கும் நடக்கும். ஒரு படத்தின் பாதியில் வேறொரு படம் தெரியும். அல்லது "அட்டையை வாசிக்க முடியவில்லை" என்று கமரா சொல்லும்.

ஆகவே வை-பை வழியாகப் படங்களைப் பிரதி எடுக்கலாம். அழிப்பதும் எழுதுவதும் கூடாது. பிளாஷ்எயரில் தொலைபேசியில் இருந்து எழுதும் வசதி ஆரம்பத்தில் அடைக்கப்பட்டே இருக்கும். இணையத்தில் யாராவது சொல்லிக்கொடுத்தார்கள் என்று அதைத் திறந்துவிட வேண்டாம். அனுப்பி முடிந்த படங்களைத் தானாகவே அழித்து இடம் உண்டாக்கும் வசதி ஒன்றை ஐ-பை கம்பனி எக்ஸ்2இல் கொடுத்திருந்தது. எங்கள் எண்ணத்தில் அது வேண்டாத உதவி. படம் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மனிதர் ஒருவர் கண்ணால் பார்க்கும் வரை அட்டையில் உள்ளது அங்கேயே இருக்கட்டும்.

பாவிக்கும்போது வரும் தொல்லைகள்

முதலாவது தொல்லை, கமரா தூங்கிவிடுவது. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ எவரும் தொடாவிட்டால் பற்றறியைச் சேமிக்கக் கமரா தானாக அணைந்துவிடும். அத்துடன் அட்டையும் அணையும். படம் பாதியில் நிற்கும். கமராவின் அமைப்புப் பட்டியலில் தானாக அணையும் நேரத்தைக் கூட்டி வைக்க வேண்டும். அட்டைக்கும் இப்படி ஒரு நேரம் உண்டு. எவரும் இணையாவிட்டால் பிளாஷ்எயர் 5 நிமிடத்தில் தன் வானொலியை அணைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, தொலைபேசியின் புத்திசாலித்தனம். அட்டையின் வை-பையில் இணையம் இல்லை என்று கண்டதும் தொலைபேசி அதை விட்டுவிட்டுத் தன் பழைய இணைப்புக்கு ஓடிப்போகும். படங்கள் ஏன் வரவில்லை என்று நாம் அட்டையைக் குறை சொல்லுவோம். படம் மாற்றும் நேரத்தில் மட்டும் தொலைபேசியின் டேற்றாவை நிறுத்தி வைத்தால் இது தீரும்.

மூன்றாவது வேகம். சிறிய அலைவாங்கி, அதைச் சுற்றிக் கமராவின் உலோக உடல். ஆகவே அட்டையின் குரல் ஓர் அறையளவு தூரத்துக்கே தெளிவாகக் கேட்கும். செக்கனுக்கு 1 மெகாபைற் வீதம் போகிறது என்று எடுத்துக்கொண்டால், 5 மெகாபைற் படம் ஒன்றுக்கு 5 செக்கன். பத்துப் படம் அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஒரு விழாவில் எடுத்த 200 படங்களுக்கு 1000 செக்கன், அதாவது கிட்டத்தட்ட 17 நிமிடம். அட்டையைக் கழற்றி, செக்கனுக்கு 20 மெகாபைற் வாசிக்கும் கருவியில் போட்டால் அதே 200 படங்களும் 50 செக்கனில் முடிந்துவிடும். எனவே நல்ல படங்கள் சிலவற்றைத் தெரிந்து உடனே அனுப்புவதற்கே வை-பை அட்டை ஏற்றது. வீடியோவுக்கு இதை நினைக்கவே வேண்டாம்.

வாங்க நினைப்பவர்கள் கமராவின் வயதையும் பார்க்க வேண்டும். 2 கிகாபைற்றுக்கு மேற்பட்ட அட்டைகளுக்கான எஸ்.டி.எச்.சி. தரம் 2006இல்தான் வந்தது. அதற்கு முந்திய கமராக்கள் பலவற்றில் 8 கிகாபைற் அட்டையைப் போட்டால் கமரா அதை அறியவே மாட்டாது.

கடவுச்சொல்லும் மற்றவர் முகமும்

பிளாஷ்எயர் கடையில் இருந்து வரும்போது அதன் கடவுச்சொல் 12345678. உலகம் எங்கும் இதே இலக்கம்தான். இதை மாற்றாமல் ஒரு கூட்டத்தின் நடுவே கமராவை இயக்கி வைத்தால், பக்கத்துக் கதிரையில் இருப்பவர் எம் அட்டையில் உள்ள எல்லாப் படங்களையும் தன் தொலைபேசியில் பார்க்கலாம். இன்று எடுத்தவற்றை மட்டும் அல்ல, போன மாதம் எடுத்து அழிக்காமல் விட்டவற்றையும் பார்க்கலாம். சிறுவர் இல்லங்களிலும், நோயாளர் வீடுகளிலும், உதவி பெறும் குடும்பங்களின் முற்றங்களிலும் படம் எடுப்பவர்கள் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அட்டை வந்த அன்றே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் வானொலியை அணைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. படத்துடன் எடுத்த திகதியும் நேரமும், சில கமராக்களில் இடத்தின் அகலக்கோடு நெடுங்கோடும்கூட, கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். அறிக்கைக்கு இது உதவிதான். ஆனால் ஒருவரின் வீடு எங்கே என்பதை வெளியாருக்குச் சொல்லக்கூடாத சந்தர்ப்பங்களும் உள்ளன. வாட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பும்போது இந்த விபரங்கள் நீங்கிவிடும். படத்தின் தெளிவும் குறையும். அச்சுக்குப் போகும் படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் தெளிவு குறையாது. விபரங்களும் கூடவே போகும். எது தேவை என்பதை ஒவ்வொரு முறையும் யோசித்தே அனுப்ப வேண்டும்.

அட்டை இல்லாமலும் முடியும்

புதிதாக ஒரு வை-பை அட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே எமது அபிப்பிராயம். கையில் இருப்பவர்கள் பாவிக்கட்டும். மற்றவர்களுக்குத் தொலைபேசியின் மின்னேற்றும் துளையில் செருகும் சிறு அட்டை வாசிப்பான் போதும். கமராவில் இருந்து சாதாரண அட்டையைக் கழற்றி அதில் போட்டதும், கோப்புகளைக் காட்டும் செயலியில் டி.சி.ஐ.எம். என்ற கோப்புறை தெரியும். எந்தக் கம்பனியின் கமராவானாலும் படங்கள் அந்தப் பெயருள்ள கோப்புறைக்குள்ளேயே இருக்கும். கடவுச்சொல் இல்லை, வேகம் அதிகம், பற்றறியும் மிச்சம். ஒரே குறை, அட்டையை அடிக்கடி கழற்றிப் பூட்டுவதால் கமராவின் துளையும் அட்டையின் முனைகளும் தேய்வது. தூசியும் கடற்காற்றும் உள்ள இடங்களில் இது பெரிய விடயம். இங்கேதான் வை-பை அட்டை உண்மையாகவே மேலானது. ஒரு தடவை போட்டால் பிறகு அதைத் தொட வேண்டியதில்லை.

எந்த வழியாயினும், திடீரென ஒரு நாள் "அட்டையைத் துடைத்து அமைக்கவா?" என்று கமரா கேட்டால் ஆம் என்று அழுத்த வேண்டாம். உடனே கமராவை அணைத்து அட்டையை வெளியே எடுத்து வைக்க வேண்டும். படம் அழியும்போது உண்மையில் இடாப்பில் உள்ள பதிவே முதலில் போகிறது. அறையில் உள்ள படம், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். போட்டோறெக் என்ற இலவச மென்பொருளைக் கணனியில் இயக்கி அவ்வாறு கிடப்பவற்றில் பலவற்றை மீட்டுக்கொள்ளலாம். கோப்புகளுக்குப் பழைய பெயர்கள் வராது, புதிய இலக்கங்களே வரும். மீட்டவற்றை அதே அட்டையில் எழுதாமல் கணனியிலேயே சேமிக்க வேண்டும்.